சமைத்து வைத்ததைச் சாப்பிட வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்



வீட்டில் ஒருவர் சமைக்கிறார், மற்றவர்கள் சாப்பிடுகிறீர்கள். அந்த மற்றவர்களுக்குத்தான் இந்த மடல். கணவர்கள், வேலைக்குப் போய்வரும் மகன்கள், மகள்கள், கல்லூரி முடிந்து நேரங்கெட்ட நேரத்தில் திரும்பும் பிள்ளைகள், மருமகள் கையால் சாப்பிடும் பெரியவர்கள் என்று உங்கள் கூட்டம் பெரியது. மளிகை விலை ஏறும்போதெல்லாம் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் சிக்கனக் குறிப்புகள் வருகின்றன. அத்தனையும் சமைப்பவருக்குச் சொல்லப்படுபவை. தக்காளியை எப்படிக் கெடாமல் வைப்பது, கறிவேப்பிலையை எதில் சுற்றுவது, மீந்த சாதத்தை என்னவாக மாற்றுவது என்று அவருக்குப் பாடம் நடக்கிறது. குறிப்புகளில் பல நல்லவைதான். ஆனால் நம் வீடுகளில் சமைத்த உணவு குப்பைக்குப் போவதற்கு முதற்காரணம் சமைப்பவரின் அறியாமை இல்லை என்று நான் நினைக்கிறேன். சாப்பிடுகிறவர்களின் பழக்கம்தான் காரணம். மிச்சம் பிடிக்கும் வேலையை அவர் ஒருவர் தலையில் கட்டிவிட்டு நீங்கள் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும்வரை எந்தக் குறிப்பும் பலிக்காது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கப் பார்க்கிறேன்.

விலையிலிருந்தே தொடங்கலாம். 2023 ஜூலையில் நாட்டின் உணவுப் பணவீக்கம் 11.51 சதவீதம். அந்த மாதம் தக்காளி விலை, அதற்கு முந்தைய ஆண்டின் ஜூலையோடு ஒப்பிட்டால் மூன்று மடங்கு. தமிழக அரசு பண்ணை பசுமைக் கடைகளிலும் சென்னையில் சில ரேஷன் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டியிருந்தது. 2024 அக்டோபரில் உணவுப் பணவீக்கம் மறுபடியும் 10.87 சதவீதம், காய்கறிகளுக்கு மட்டும் எடுத்தால் 42.18. அடுத்த ஆண்டு அக்டோபரில் அதே உணவு விலைக் குறியீடு 5.02 சதவீதம் கீழே இறங்கியது. “விலைதான் இறங்கிவிட்டதே, இனி என்ன கவலை” என்று கேட்பவர்கள் இந்த எண்களையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலே ஏறியதன் மீதுதான் இந்த இறக்கம். அதுவும் எல்லாப் பொருளுக்கும் இல்லை. காய்கறி இறங்கிய அதே 2025-இல் தேங்காயும் தேங்காய் எண்ணெயும் எட்டாத உயரத்துக்குப் போயின. நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2024 செப்டம்பரில் இறக்குமதி வரியைக் கூட்டினார்கள், 2025 மே மாதக் கடைசியில் கச்சா எண்ணெய் வகைகளுக்குக் குறைத்தார்கள். டெல்லியில் வரும் அறிவிப்பு சில வாரங்களில் அடுப்பங்கரைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. ஏற்றம் ஒரு சுமை என்றால், எப்போது ஏறும் எப்போது இறங்கும் என்று தெரியாத ஆட்டம் இன்னொரு சுமை. நிலையான ஒரு தொகையை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துபவருக்கு இரண்டாவதுதான் அதிகம் வலிக்கும்.

அந்த நிலையான தொகையைப் பற்றி நீங்கள் எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, நாட்டின் கிராமக் குடும்பங்கள் தங்கள் செலவில் 47 சதவீதத்தையும் நகரக் குடும்பங்கள் ஏறத்தாழ 40 சதவீதத்தையும் உணவுக்குச் செலவிடுகின்றன. வாடகை, பள்ளிக் கட்டணம், தவணை எல்லாம் தேதி வைத்துப் பிடுங்கிக்கொள்பவை. கையைக் கடிக்கும்போது சுருக்கக்கூடிய இடம் உணவு ஒன்றுதான். பல வீடுகளில் மாதம் பிறந்ததும் மளிகை லிஸ்டுக்கு ஒரு தொகை, காய்கறிக்கும் பாலுக்கும் ஒரு தொகை என்று கைமாறுகிறது. மாத நடுவில் பருப்போ தக்காளியோ ஏறினால் அந்தத் தொகை ஏறுவதில்லை. உங்கள் தட்டில் சாம்பார் சாம்பாராகவே இருக்கிறது, பொரியல் பொரியலாகவே இருக்கிறது. ஏற்றம் எங்கே போயிற்று? சமைப்பவரின் பங்கிலிருந்து ஒரு முட்டையாக, ஒரு டம்ளர் பாலாக, ஒரு வாழைப்பழமாகக் கழிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2011 முதல் அரிசி இலவசம். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இவை இல்லாவிட்டால் எத்தனையோ வீடுகளின் நிலை இன்னும் மோசமாயிருக்கும். ஆனால் காய், பால், முட்டை, மீன், பழம் எல்லாம் சந்தை விலைக்குத்தான். உடம்புக்குச் சத்துத் தருபவைதான் விலையாட்டத்தில் முதலில் அடிபடுகின்றன.

இப்படி இறுக்கிப் பிடித்து நடக்கும் வீட்டிலேயே உணவு வீணாகிறது என்பதுதான் முரண். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, 2022-ஆம் ஆண்டில் உலகில் வீணான 105 கோடி டன் உணவில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து வந்தது என்கிறது. ஓட்டல், விடுதி, விருந்துக்கூடங்கள் எல்லாம் சேர்ந்து 28 சதவீதம், கடைகள் 12 சதவீதம். இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்பது அதன் மதிப்பீடு. நான்கு பேர் உள்ள வீட்டில் 220 கிலோ, நாளைக்கு 600 கிராம். இந்த எண்ணை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. வாழைக்காய்த் தோல், முருங்கைச் சக்கை, மீன் முள் போன்ற உண்ண முடியாதவையும் அதில் அடக்கம். இந்தியாவைப் பொறுத்தவரை சில ஊர்களின் ஆய்வுகளை வைத்து நாடு முழுமைக்கும் கணித்த எண் அது. பாதியைத் தள்ளிவிடலாம். மிச்சம் 300 கிராம் என்றால் அது ஒருவருடைய ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பக்கம் வரும். அதிலும் சமைத்தபின் கொட்டுவது தனிக் கணக்கு. வாடிய கத்திரிக்காயைத் தூக்கிப் போட்டால் கத்திரிக்காயின் விலை போகும். எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பைக் கொட்டினால் கத்திரிக்காயோடு நல்லெண்ணெய், புளி, தேங்காய், கேஸ், ஒருவருடைய முக்கால் மணி நேரம் எல்லாம் போகின்றன.

சமைத்தது ஏன் மீந்துபோகிறது? சமைப்பவர் அளவு தெரியாமல் போடுகிறார் என்பது எளிதாகச் சொல்லிவிடும் பதில். இருபது, முப்பது ஆண்டுகளாக ஒரே உழக்கால் அரிசி அளப்பவருக்கு அளவு தெரியாதா? அவருக்குத் தெரியாதது, எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்பது. இனி நான் சொல்வதுதான் இந்த மடலில் எனக்கு மிக முக்கியம். சாதம் ஒரு கரண்டி குறைந்துபோனால் வீட்டில் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். “இன்னும் கொஞ்சம் போட்டிருக்கக் கூடாதா” என்று ஒருவர் கேட்பார். கேட்காவிட்டாலும் தட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் எழுந்திருப்பார். வந்த விருந்தாளிக்குக் குழம்பு பற்றவில்லை என்றால் அது பத்து வருடம் சொல்லிக்காட்டப்படும். மீந்தால்? யாரும் கேட்பதில்லை. எல்லோரும் கையலம்பிப் போன பிறகு பாத்திரத்தோடு நிற்பது அவர் மட்டும். குறைந்தால் பழி, மீந்தால் மௌனம். வருபவர்கள் எத்தனை பேர் என்றும் தெரியாது, பழி மட்டும் ஒரு பக்கம் என்று ஆன பிறகு, விவரமுள்ள எவரும் கூட்டித்தான் சமைப்பார். கோயில் வாசலில் மல்லிகை விற்பவர் மறுநாள் வாடிய பூ விலை போகாது என்று தெரிந்து அளவாகத்தான் வாங்குவார், ஏனென்றால் மிஞ்சினால் நட்டம் அவருடையது. சமையலறையில் கணக்கு தலைகீழ். அங்கே ஆபத்து குறைவில்தான் இருக்கிறது. ஆகவே தினமும் ஒரு பிடி கூடுதலாக உலையில் விழுகிறது. அந்தப் பிடியைப் போட வைப்பது உங்கள் முகக்குறி.

எத்தனை பேர் என்று தெரியாமல் போவதும் உங்களால்தான். நான்கு பேர் வீட்டில் வாரத்துக்கு 28 இரவுத் தட்டுகள். சமைப்பவரைத் தவிர மற்ற மூவரும் வாரத்தில் இரண்டு இரவு சொல்லாமல் வெளியே சாப்பிட்டுவிட்டு வருவதாக வைத்துக்கொள்வோம். ஆறு தட்டுகள் அநாதையாகின்றன, ஐந்தில் ஒன்றுக்கும் மேல். எந்தச் சிக்கனக் குறிப்பும் இதை ஈடுகட்டாது. சமையலில் முடிவெடுக்கும் நேரம் என்று ஒன்று உண்டு. இரவுக்கு அரிசி களைந்து குக்கரில் வைக்கும் நேரம், சப்பாத்திக்கு மாவு பிசையும் நேரம், நாளைய இட்லிக்கு உளுந்து ஊறப்போடும் நேரம். அதற்கு முன்னால் வரும் செய்திக்கு மதிப்பு உண்டு. எட்டரை மணிக்கு “நான் சாப்பிட்டாச்சு” என்று சொல்வது ஒருவருக்கும் உதவாது. மேலதிகாரிக்குப் பத்து நிமிடத் தாமதத்தைக்கூடச் செய்தி அனுப்பித் தெரிவிக்கிறவர்கள் நீங்கள். வீட்டுக்கும் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு “இன்று ராத்திரி வேண்டாம்” என்று ஒரு வரி போடுவதற்கு வீட்டுச் சாப்பாட்டை ஒரு பொருட்டாக மதிக்கும் மனம் போதும்.

வெளிச் சாப்பாட்டின் மீது எனக்குப் பகை இல்லை. உழைத்துக் களைத்தவர்கள் ஓட்டலில் சாப்பிட ஆசைப்படுவது இயல்பு; சமைப்பவருக்கும் அந்த ஆசை இருக்கும், அவரையும் கேளுங்கள். ஆனால் பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு, வெளியில் வாங்கும் தயார் உணவு ஆகிய இனத்துக்கு நகரக் குடும்பங்கள் மாதச் செலவில் 11 சதவீதம் கொடுக்கின்றன என்கிறது அதே நுகர்வுச் செலவு ஆய்வு. காய்கறிக்குப் போவதைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல். தக்காளி விலை பத்து ரூபாய் ஏறினால் வீட்டில் பேச்சு எழுகிறது. இந்தச் செலவு பேச்சில்லாமல் போய்விடுகிறது. கைபேசியில் பிரியாணி வரவழைக்கும் இரவில் வீட்டில் ஏற்கெனவே ரசமும் கூட்டும் ஆகியிருந்தால், பிரியாணியின் உண்மையான விலை பில்லில் அச்சான விலை இல்லை. கொட்டப்போகும் ரசத்தையும் கூட்டையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். இன்று வெளியே என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டால் இரண்டாவது செலவு இல்லை.

மீந்ததெல்லாம் குப்பைக்கும் போவதில்லை. ஒரு பகுதி சமைத்தவரின் தட்டுக்குப் போகிறது. காலையில் யாரும் தொடாத உப்புமாவை அவர் பதினொரு மணிக்குச் சாப்பிடுகிறார், நேற்றைய குழம்பு அவருக்கு, ஓரம் கருகிய தோசை அவருக்கு. எந்த அறிக்கையும் இதை வீண் என்று கணக்கில் எடுக்காது. உணவு வீணாகவில்லை என்பது உண்மைதான். ஆனால் பசிக்கிறதோ இல்லையோ, மற்றவர்களின் தவறிய கணக்கை அவர் உடம்பில் வாங்கிக்கொள்கிறார். நல்லது தீரும்போது முதலில் விட்டுக்கொடுப்பதும், மீந்தது இருக்கும்போது முதலில் எடுத்துக்கொள்வதும் ஒரே ஆள். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை, ஆண்களில் 25 சதவீதம் பேருக்கு. தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம். மாதவிடாய், பிரசவம் என்று இதற்குக் காரணங்கள் பல. தட்டு ஒன்றையே குற்றவாளி ஆக்க முடியாது. ஆனால் இரும்புச்சத்து அதிகம் தேவைப்படுகிறவரின் தட்டில்தான் கீரையும் முட்டையும் மீனும் குறைகின்றன என்றால், அந்த வீட்டின் பங்கீட்டில் கோளாறு இருக்கிறது. 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். வீட்டு வேலையில் கைவைக்கும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். மீதத்தைச் சமாளிப்பது, மறுபடி வேறொன்றாக்குவது, பாத்திரம் மாற்றி வைப்பது எல்லாம் அந்த 289-க்குள்தான் வரும். சிக்கனம் வேண்டும் என்று நீங்கள் சொல்லும்போது அவருடைய நேரத்தைத்தான் மேலும் கேட்கிறீர்கள்.

விலையேற்றத்தைச் சமாளிக்க நம் சமையலில் பழைய வழி ஒன்று உண்டு. ஒன்று ஏறினால் வேறொன்றுக்கு மாறிக்கொள்வது. தக்காளி ஏறினால் புளி, மாங்காய்க் காலத்தில் மாங்காய், காய் கிடைக்காத மழை நாட்களில் சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், அப்பளம், வடகம். மதனப்பள்ளியிலும் கோலாரிலும் மழை கொட்டினால் கோயம்பேட்டுக்குத் தக்காளி லாரிகள் குறையும். அதை உங்களாலும் என்னாலும் மாற்ற முடியாது. ஆனால் அந்த மூன்று வாரம் தக்காளி இல்லாத ரசத்தை ஏற்றுக்கொள்வது நம் கையில் இருக்கிறது. சமைப்பவர்கள் மாறத் தயார். “என்ன, இன்னைக்கும் வத்தக்குழம்பா” என்ற ஒரு கேள்விதான் அவர்களைக் கிலோ 120 ரூபாய்த் தக்காளியிடம் திருப்பி அனுப்புகிறது. இதன் மறுபக்கம், மலிவு என்று வாங்கிக் குவிப்பது. ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தைக்கோ கடைக்கோ உற்சாகமாகப் போய், சமைப்பவரைக் கேட்காமல் நாலு கட்டுக் கீரையும் மூன்று கிலோ தக்காளியும் வாங்கி வருகிறவர்கள் உங்களில் பலர். வாங்கியவர் பையை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். கீரை செவ்வாய்க்கிழமைக்குத் தாங்காது. வாங்கியவரே ஆய்ந்து முடிப்பது என்று ஒரு வழக்கம் வந்தால் வாங்கும் அளவு தானாகக் குறையும்.

இதற்கெல்லாம் மறுப்புகள் உண்டு. வயலிலும் மண்டியிலும் லாரியிலும் வீணாவதுதானே பெரிது, வீட்டில் ஒரு கரண்டி சோற்றுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். அறுவடைக்குப் பின் நாட்டில் ஏற்படும் இழப்பை நபார்டின் ஆலோசனை நிறுவனம் 2022-இல் ஆண்டுக்கு 1,52,790 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. காய்கறிகளில் சுமார் 5 முதல் 12 சதவீதம், பழங்களில் 6 முதல் 15 சதவீதம். இது பெரிய இழப்பு. குளிர்பதனக் கிடங்கும் சாலையும் கட்டி இதைக் குறைப்பது அரசின் கடமை, அதைக் கேட்க வேண்டியது நம் கடமை. ஆனால் அங்கே அழுகாமல் தப்பித்து வந்த காய்தான் உங்கள் வீட்டுக்கு வருகிறது. உழவு, உரம், தண்ணீர், லாரி வாடகை, தரகு, கடைக்காரர் லாபம், அடுப்பு எரிந்த கேஸ் என்று எல்லாச் செலவையும் சுமந்த பிறகு கடைசிப் படியில் கொட்டுவதுதான் ஒரு கிலோ உணவுக்கு அதிகச் செலவாகும் வீண். அந்தச் செலவு முழுக்க உங்கள் பையிலிருந்து போனது.

காசு எங்களுடையது, நாங்கள் மிச்சம் பிடித்தால் அது ஏழை வீட்டுக்கா போகப்போகிறது என்பவர்களும் உண்டு. நேராகப் போகாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சரக்கு குறைந்திருக்கும் வாரங்களில், தேவைக்கு மேல் வாங்கிப் பாதியைக் கொட்டும் வீடுகளும் சந்தையில் போட்டி போடும் வீடுகளே. வசதியுள்ளவர் விலை கேட்காமல் எடுத்துப்போகும் கிலோவும் சேர்ந்துதான் அடுத்து நிற்பவருக்குரிய விலையை ஏற்றுகிறது.

பழைய உணவு உடம்புக்கு ஆகாது என்ற மறுப்பைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. வேகவைத்த சோற்றில் தப்பிப் பிழைக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரி, அறைச் சூட்டில் பெருகி நஞ்சு உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு முழுக்கப் போகாது. நம் ஊர் வெயிலில் இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஆனால் ஆபத்து நேற்றைய உணவு என்பதால் வருவதில்லை; எத்தனை மணி நேரம் வெளியே கிடந்தது என்பதைப் பொறுத்து வருகிறது. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மீந்ததை அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு, மூடி ஃபிரிட்ஜில் வைத்து, வேண்டிய அளவு மட்டும் எடுத்து ஆவி பறக்கச் சூடாக்கினால் மறுநாள் சாம்பாருக்கு ஒரு குறையும் இல்லை. யோசித்துப் பார்த்தால், குழம்பு இரவு பதினொன்று வரை மேசையிலேயே கிடப்பது யாருக்காக? இன்னும் வராத, வருவாரா என்றும் சொல்லாத ஒருவருக்காக. முன்னாலேயே சொல்லியிருந்தால் எட்டு மணிக்கே அது ஃபிரிட்ஜுக்குள் போயிருக்கும். கெட்டுப்போனது என்று நீங்கள் ஒதுக்கும் குழம்பில் பாதி உங்களுக்காகக் காத்திருந்து கெட்டதுதான். குழந்தைகள், கர்ப்பிணிகள், நோயாளிகள், முதியவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அவர்களுக்குப் புதிதாகவே கொடுங்கள். உடல் திடமாக இருக்கும் முப்பது வயதுக்காரர் நேற்றைய பொரியலை மறுப்பதற்கு அந்தக் காரணம் செல்லாது.

விருந்தோம்பலைச் சொல்பவர்களுக்கு வருகிறேன். வீட்டில் எப்போதும் இரண்டு பேருக்குக் கூடுதலாகச் சோறு இருக்க வேண்டும், திடீரென்று யாராவது வந்தால் என்ன செய்வது என்பார்கள். அந்த எண்ணம் உயர்ந்தது, அதை விடச் சொல்லவில்லை. வருபவர்கள் தொலைபேசியில் சொல்லிவிட்டு வரும் காலம் இது. சொல்லாமல் வருபவருக்கும் ஆயத்தமாக இருக்க, சமைத்த சோறுதான் மீந்து இருக்க வேண்டும் என்பதில்லை. டப்பாவில் ரவையும் சேமியாவும், ஃபிரிட்ஜில் இட்லி மாவும், பரணில் அப்பளமும் வடகமும் இருந்தால் இருபது நிமிடத்தில் இலை போடலாம். வராத விருந்தாளிக்காகத் தினமும் சமைத்துக் கொட்டுவதால் எந்த விருந்தாளிக்கும் மரியாதை கூடுவதில்லை. “வேலைக்கு வரும் அம்மாவுக்குக் கொடுத்துவிடுகிறோம், வீணாவதில்லை” என்பதும் அடிக்கடி கேட்கும் சமாதானம். உங்கள் வீட்டில் ஒருவரும் தொட விரும்பாததை, மூன்று நாள் ஃபிரிட்ஜில் கிடந்ததை, மறுக்க முடியாத நிலையில் இருக்கும் ஒருவர் கையில் கொடுப்பது கொடை ஆகாது. கொடுப்பதென்றால் நீங்கள் உண்ணும்போதே, நீங்கள் உண்பதையே கொடுங்கள்.

அப்படியானால் என்ன செய்வது? ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, ஒரு மாதம் மட்டும், கொட்டும் ஒவ்வொன்றையும் எழுதிவையுங்கள். எழுதுவது சமைப்பவரின் வேலையாக இருக்கக் கூடாது. சாப்பிடுகிறவர்களில் ஒருவர் இரவு பாத்திரம் ஒழிக்கும்போது எழுதட்டும். என்ன கொட்டினோம், எவ்வளவு என்பதோடு ஏன் என்ற காரணத்தையும் எழுத வேண்டும். “சொல்லாமல் வரவில்லை”, “வெளியே சாப்பிட்டோம்”, “பிடிக்கவில்லை என்று வைத்துவிட்டோம்”, “கேட்காமல் வாங்கி வந்தது” என்று காரணங்கள் வரும். “அளவு தெரியாமல் சமைத்தது” என்றும் சில வரலாம், அதையும் எழுதுங்கள். மாதக் கடைசியில் அந்தத் தாளையும் மளிகை பில்லையும் பக்கத்தில் வைத்து எல்லோரும் உட்கார்ந்து பாருங்கள். துவரம்பருப்பு கிலோ என்ன விலை, நல்லெண்ணெய் லிட்டர் என்ன விலை, ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று அப்போதாவது வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, காய்கறிக்கும் பாலுக்குமான தொகையை மாதத்துக்கு ஒரே எண்ணாக வைக்காமல் பதினைந்து நாளைக்கு ஒருமுறை சந்தை விலைக்குத் தக்கபடி மாற்றி வையுங்கள். ஏற்றம் வரும்போது எதைக் குறைப்பது என்று சேர்ந்து முடிவெடுங்கள். தெரியாமல் ஒருவர் பங்கில் மட்டும் அது கழியக் கூடாது.

அதன் பிறகு சமைப்பவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும், நீங்களாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: “அந்தக் கூடுதல் பிடி வேண்டாம், பற்றாமல் போனால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.” முதல் சில நாட்கள் அவர் நம்பமாட்டார். பல ஆண்டுப் பழக்கம், பழைய சொற்களின் நினைவு, எல்லாம் அவர் கையைக் கூட்டிப் போடவே தூண்டும். என்றாவது ஒரு நாள் சாதம் உண்மையாகவே குறையும். நீங்கள் சொன்னது சொல்தானா என்பது அன்றைக்குத் தெரியும். முகத்தைச் சுளிக்காமல் எழுந்து, ஃபிரிட்ஜிலிருந்து மாவை எடுத்து, கல்லைக் காயவைத்து, உங்களுக்கு வேண்டிய இரண்டு தோசையை நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள். அவர் இன்னும் சாப்பிடவில்லையென்றால் முதல் தோசையை அவருக்குப் போடுங்கள்.